டெல்லி – டோக்கியோ: போக ஏழரை மணி நேரம், திரும்ப ஒன்பதரை மணி நேரம். ஏன்?

கவாசாகி_வாசி எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். அப்பாவும் அம்மாவும் பிப்ரவரியில் முதல் முறையாக ஜப்பான் வருகிறார்கள். சென்னையிலிருந்து டெல்லி, அங்கிருந்து டோக்கியோ ஹனேடா விமான நிலையம். டிக்கெட் இன்னும் எடுக்கவில்லை. பயண முகவர் நேரம் மட்டும் அனுப்பியிருக்கிறார்:

வரும்போது: டெல்லி இரவு 8:00, டோக்கியோ மறுநாள் காலை 7:00.
திரும்பும்போது: டோக்கியோ காலை 11:30, டெல்லி அன்றே மாலை 5:30.

இதைப் பார்த்த அப்பா, "வர 11 மணி நேரம், திரும்ப 6 மணி நேரம்தானே? திரும்பும்போது அலுப்பே தெரியாது" என்கிறார். டெல்லியில் இறங்கி மாலை 7:00 மணிக்கே சென்னை விமானம் ஏறுவது போல முகவரும் சேர்த்துப் போட்டிருக்கிறார். இணையத்தில் தேடினால் இரண்டு ஊருக்கும் இடையே தூரம் சுமார் 5,860 கி.மீ. என்று வருகிறது. தூரம் ஒன்றுதானே, நேரம் எப்படி இப்படி மாறும்? 7:00 மணி விமானத்தைப் பிடிக்க முடியுமா? இருவருக்கும் அறுபது வயது தாண்டிவிட்டது, அதனால்தான் கேட்கிறேன்.

ஆர்கேபுரம் எழுதியது:

முதலில் அவசரமான விஷயம். அந்த 7:00 மணி விமானத்தை வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். காரணம் கீழே சொல்கிறேன்.

டிக்கெட்டில் இருப்பது அந்தந்த ஊர் நேரம். ஜப்பான் நேரம் இந்திய நேரத்தைவிட மூன்றரை மணி நேரம் முன்னால் ஓடுகிறது. இரண்டு நாட்டிலுமே கோடைக்காலத்துக்குக் கடிகாரத்தைத் தள்ளிவைக்கும் வழக்கம் கிடையாது. அதனால் ஆண்டு முழுக்க இதே மூன்றரை மணி நேரம்தான்.

கிழக்கே வரும்போது: இரவு 8 முதல் காலை 7 வரை 11 மணி நேரம், அதில் மூன்றரையைக் கழித்தால் ஏழரை மணி நேரம்.
மேற்கே திரும்பும்போது: காலை 11:30 முதல் மாலை 5:30 வரை 6 மணி நேரம், அதோடு மூன்றரையைக் கூட்டினால் ஒன்பதரை மணி நேரம்.

அதாவது அப்பா நினைப்பதற்கு நேர் எதிர். திரும்பும் பயணம்தான் நீளம். ஒன்பதரை மணி நேரம் உட்கார்ந்து வந்து இறங்குகிறவர்கள், குடியேற்ற வரிசையில் நின்று, பெட்டிக்குக் காத்திருந்து, சுங்கம் தாண்டி, மறுபடி பெட்டியைக் கொடுத்து, பாதுகாப்புச் சோதனை முடித்து, உள்நாட்டு விமானம் ஏற வேண்டும். ஒன்றரை மணி நேரம் போதவே போதாது. அதோடு, பன்னாட்டு விமானங்கள் இறங்குவது டெர்மினல் 3. சென்னை விமானம் டெர்மினல் 1-இல் இருந்து கிளம்புகிறது என்றால் வெளியே வந்து சாலை வழியாகப் போக வேண்டும். டிக்கெட்டில் எந்த டெர்மினல் என்று கட்டாயம் பாருங்கள். என் கணக்கில் குறைந்தது மூன்றரை மணி நேர இடைவெளி வேண்டும். முதியவர்கள் என்றால் நான்கு.

கவாசாகி_வாசி எழுதியது:

ரொம்ப நன்றி அண்ணா. அப்பாவிடம் சொன்னேன், நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து தாளில் கணக்குப் போட்டுப் பார்த்து ஒத்துக்கொண்டார். ஆனால் உடனே அடுத்த கேள்வி: "ஏழரை, ஒன்பதரை என்றாலும் இரண்டு மணி நேரம் இடிக்கிறதே? அதே விமானம், அதே வழி?" எனக்கும் பதில் தெரியவில்லை.

மேகதூரம் எழுதியது:

விமானங்களுக்குப் பயணத் திட்டம் போடும் வேலையில் இருந்து ஓய்வு பெற்றவன் நான். அப்பா கேட்டது மிகச் சரியான கேள்வி, அவருக்கே நேராகப் பதில் சொல்வதாக நினைத்து எழுதுகிறேன்.

காரணம் காற்று. தரையிலிருந்து பத்துப் பன்னிரண்டு கி.மீ. உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்கே ஒரு பெரும் காற்று ஓடுகிறது. ஜெட் ஸ்ட்ரீம் என்பார்கள். குளிர்காலத்தில் அதன் ஒரு கிளை இமயமலைக்குத் தெற்கே, வட இந்தியாவின் மேலேயே ஓடும். அப்படியே சீனாவைத் தாண்டி ஜப்பான் பக்கம் போகும்போது வடக்கிலிருந்து வரும் இன்னொரு கிளையும் நெருங்கி வர, வேகம் இன்னும் கூடும். ஜப்பானுக்கு மேலே குளிர்காலத்தில் மணிக்கு 300 கி.மீ.க்கு மேல் காற்று வீசுவது அதிசயம் இல்லை. டெல்லியும் டோக்கியோவும் இந்தக் காற்று ஓடும் பாதையிலேயே அமைந்துவிட்டன.

பயணிகள் விமானம் தன்னைச் சுற்றியுள்ள காற்றைப் பொறுத்து மணிக்கு ஏறக்குறைய 900 கி.மீ. வேகத்தில் போகிறது. அந்தக் காற்றே கிழக்கே நகர்ந்துகொண்டிருந்தால், தரையைப் பொறுத்த வேகம் கிழக்கே போகும்போது கூடும், மேற்கே வரும்போது குறையும். வழி நெடுக சராசரியாக மணிக்கு 100 கி.மீ. காற்று என்று வைத்துக்கொள்வோம். கிழக்கே 1,000, மேற்கே 800. உண்மையில் பறக்கும் வழி 6,200 கி.மீ. என்று கொண்டால் போக 6 மணி 12 நிமிடம், வர 7 மணி 45 நிமிடம். ஒன்றரை மணி நேர வித்தியாசம் இங்கேயே வந்துவிட்டது. பிப்ரவரியில் காற்று இதைவிடப் பலமாக இருக்கும் நாட்கள் உண்டு. அப்போது இடைவெளி இரண்டு மணி நேரத்தைத் தாண்டும்.

டிக்கெட்டில் உள்ள நேரம் வானில் பறக்கும் நேரம் மட்டும் அல்ல. நிறுத்தத்தை விட்டு நகரும் நொடியிலிருந்து, போய்ச் சேர்ந்த இடத்தில் நிறுத்தத்தில் நிற்கும் வரை எண்ணுவார்கள். பிளாக் டைம் என்று பெயர். டெல்லி போன்ற பெரிய விமான நிலையத்தில் ஓடுபாதை வரை ஊர்ந்து போகவே நேரம் பிடிக்கும். அதோடு நெரிசலுக்கென்று சில நிமிடங்கள் சேர்த்தே அட்டவணை போடுவார்கள். அதனால் காற்று சாதகமாக இருக்கும் இரவில் விமானம் அரை மணி நேரம் முன்னதாகவே இறங்கினால் ஆச்சரியப்பட வேண்டாம்.

மணற்கேணி எழுதியது:

மேகதூரம் ஐயா போட்ட கணக்கை நாளைக்கு என் பதினோராம் வகுப்புப் பிள்ளைகளிடம் கொடுக்கப் போகிறேன். அதில் இன்னொரு விஷயம் ஒளிந்திருக்கிறது. காற்றே இல்லாவிட்டால் 6,200 கி.மீ.க்கு 6 மணி 53 நிமிடம். காற்று இருந்தால் போகும்போது 41 நிமிடம் மிச்சம், வரும்போது 52 நிமிடம் கூடுதல். போக வர இரண்டையும் சேர்த்தால் காற்றால் நமக்கு நட்டம்தான். எதிர்காற்றில் சைக்கிள் மிதித்தவர்களுக்கு இது தெரியும்: காற்று நம்மைத் தள்ளும் நேரம் சீக்கிரம் முடிந்துவிடும், எதிர்க்கும் நேரம் நீண்டுகொண்டே போகும்.

இந்தக் காற்றைக் கண்டறிந்த கதை ஜப்பானிலேயே தொடங்குகிறது, கவாசாகியில் இருப்பவர் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும். வாசபுரோ ஓயிஷி என்ற வானிலை ஆய்வாளர் 1920-களில் இன்றைய ட்சுகுபா பகுதியில் உள்ள தாதேனோ ஆய்வகத்திலிருந்து பலூன்களைப் பறக்கவிட்டு, அவை போகும் வேகத்தைத் தொலைநோக்கியில் பின்தொடர்ந்து அளந்தார். உயரத்தில் மேற்கிலிருந்து பெரும் வேகத்தில் காற்று வீசுவது தெரிந்தது. உலகம் முழுக்கப் படிக்கட்டும் என்று 1926-இல் அதை, உலகப் பொதுமொழியாக உருவாக்கப்பட்ட எஸ்பெராண்டோவில் வெளியிட்டார். வெளிநாட்டில் அதைக் கவனித்தவர்கள் மிகக் குறைவு. 1944 நவம்பரில் டோக்கியோவைத் தாக்க வந்த அமெரிக்க பி-29 விமானங்கள் இந்தக் காற்றில் மாட்டிக் குறி தவறித் திணறின. கண் முன்னால் அச்சில் கிடந்த உண்மை இத்தனை ஆண்டு உலகத்துக்குத் தெரியாமல் போனதை நினைத்தால் மனசு கனக்கிறது.

1952 நவம்பரில் பான் ஆம் நிறுவனம் டோக்கியோவிலிருந்து ஹோனலுலுவுக்கு இந்தக் காற்றில் வேண்டுமென்றே ஏறிப் பறந்து பார்த்தது. 18 மணி நேரமாக இருந்த பயணம் பதினொன்றரை மணி நேரமாகச் சுருங்கியது. அப்புறம்தான் விமான நிறுவனங்கள் இதைக் கணக்கில் எடுக்க ஆரம்பித்தன.

புதியபறவை எழுதியது:

இரண்டு சந்தேகம். இணையத்தில் 5,860 கி.மீ., ஐயா சொன்னது 6,200. ஏன் கூடுகிறது? விமானம் நேராகப் போகக் கூடாதா? இன்னொன்று, பாகிஸ்தான் வான்வெளியை மூடிவிட்டார்களே, அதனால்தான் இந்தத் தாமதம் என்று வாட்ஸ்அப்பில் ஒருவர் சொன்னார். சரியா?

ஆர்கேபுரம் எழுதியது:

இரண்டாவது கேள்விக்கு நான் சொல்கிறேன். 2025 ஏப்ரல் 24 அன்று பாகிஸ்தான் இந்திய விமானங்களுக்குத் தன் வான்வெளியை மூடியது. சில நாளில் இந்தியாவும் பதிலுக்கு மூடியது. அது டெல்லியிலிருந்து மேற்கே போகும் பயணங்களுக்கு, அதாவது ஐரோப்பா, அமெரிக்கா, மத்திய ஆசியா பக்கம் போகிறவற்றுக்குப் பெரிய தலைவலி. டோக்கியோ இருப்பது கிழக்கே. இந்த வழிக்கும் அதற்கும் தொடர்பு இல்லை.

வான்வெளி மூடலால் ஜப்பான் பக்கம் நேரம் எகிறியது என்றால் அது ஐரோப்பியப் பயணங்களில். 2022-இல் ரஷ்ய வான்வெளி அடைபட்ட பிறகு, ஒன்பதரை மணி நேரத்தில் முடிந்த ஹெல்சின்கி – டோக்கியோ பயணம் 13 மணி நேரம் ஆகிவிட்டது. டோக்கியோவிலிருந்து லண்டன் போக அலாஸ்கா, கிரீன்லாந்து வழியாகச் சுற்றிய விமானங்களும் உண்டு. வரைபடத்தில் இரண்டு ஊரும் நகரவில்லை, ஆனால் பயணம் மூன்றரை மணி நேரம் கூடிவிட்டது.

மேகதூரம் எழுதியது:

முதல் கேள்விக்கு வருகிறேன். இதை விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் "இமயமலை மேல் பறக்கத் தடை" என்று ஒரு தவறான பேச்சு எல்லா இடத்திலும் உலாவுகிறது.

இணையம் காட்டும் 5,860 கி.மீ. என்பது பெருவட்ட தூரம். பூமி உருண்டையில் இரண்டு புள்ளிக்கு நடுவே உள்ள மிகக் குறைந்த தூரம் அது. வீட்டில் பிள்ளைகளின் உலக உருண்டை இருந்தால் டெல்லிக்கும் டோக்கியோவுக்கும் நடுவே ஒரு நூலை இறுக்கிப் பிடித்துப் பாருங்கள். தட்டையான வரைபடத்தில் கிழக்கே நேராகப் போவது போலத் தெரியும் வழி, உருண்டையில் வடக்கே வளைந்து நேபாளம் தாண்டி, திபெத் பீடபூமியின் மேலே போவதைக் காண்பீர்கள்.

அந்த வழியில் பயணிகள் விமானங்கள் சாதாரணமாகப் போவதில்லை. எவரெஸ்ட் உயரம் 8,849 மீட்டர், விமானமோ 11,000 மீட்டருக்கு மேலே. உயரம் பிரச்சினை இல்லை. பிரச்சினை, ஏதாவது ஆகிவிட்டால் என்ன செய்வது என்பதுதான். விமானத்துக்குள் காற்றழுத்தம் திடீரென்று போய்விட்டால் விமானி உடனே 10,000 அடிக்கு, அதாவது சுமார் 3,000 மீட்டருக்கு இறக்க வேண்டும். அந்த உயரத்தில்தான் மனிதர் முகமூடி இல்லாமல் மூச்சு விட முடியும். மேலிருந்து தொங்கும் பயணிகளின் ஆக்சிஜன் பல விமானங்களில் கால் மணி நேர அளவுக்குத்தான் வரும். திபெத் பீடபூமியின் சராசரி உயரமே 4,500 மீட்டர். இறங்குவதற்கு இடமே இல்லை, தரை வந்துவிடும்! ஓர் இயந்திரம் நின்றுபோனாலும் விமானத்தால் அதே உயரத்தில் நிற்க முடியாது, மெல்ல இறங்கியே ஆக வேண்டும். அவசரத்துக்கு இறங்க விமான நிலையங்களும் மிகக் குறைவு. லாசா விமான நிலையமே கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 3,570 மீட்டரில் இருக்கிறது.

தடை என்று எதுவும் இல்லை. லாசாவுக்குத் தினமும் விமானங்கள் போய் வருகின்றன. அவற்றுக்குக் கூடுதல் ஆக்சிஜன், தப்பிக்கும் வழித் திட்டம், தனிப் பயிற்சி எல்லாம் உண்டு. சாதாரணமாக டெல்லி – டோக்கியோ விமானம் மலைத்தொடரை இடப்பக்கம் விட்டுவிட்டு, வங்கதேசம், மியான்மர் மேலாகப் போய், குன்மிங் பக்கம் சீனாவுக்குள் நுழைந்து, அங்கிருந்து கிழக்கே கடலைத் தாண்டி ஜப்பான் போகும். இப்படிச் சுற்றுவதால் சில நூறு கி.மீ. கூடுகிறது. எத்தனை என்பது அன்றன்றைய வழியைப் பொறுத்தது. நான் 6,200 என்று எடுத்தது கணக்குக்கு ஓர் எடுத்துக்காட்டு.

இந்தச் சுற்றைக் குறை சொல்ல மாட்டேன். எரிபொருள் கூடுதலாக எரிந்தாலும், முந்நூறு உயிர்களை ஏற்றிக்கொண்டு போகிறவர்கள் எடுக்க வேண்டிய முடிவு இதுதான்.

யாழ்_வடலி எழுதியது:

கொழும்பிலிருந்து டோக்கியோவின் இன்னொரு விமான நிலையமான நரிட்டாவுக்கு நேரடி விமானம் இருக்கிறது. எங்கள் ஆட்கள் பலர் அதில்தான் போய் வருகிறார்கள். போக எட்டரை மணி நேர அளவில் ஆகும், வர அதைவிடக் கூட. சென்னையிலிருந்து கொழும்பு ஒரு மணி நேரத்துச் சொச்சம்தான். டெல்லி வரை ஏன் வடக்கே போக வேண்டும் என்று யோசித்துப் பாருங்கள்.

மணற்கேணி எழுதியது:

நல்ல யோசனை. சென்னையிலிருந்து நரிட்டாவுக்குப் பெருவட்ட தூரம் ஏறக்குறைய 6,490 கி.மீ. 2019 அக்டோபரில் ஏஎன்ஏ நிறுவனம் சென்னை – நரிட்டா நேரடி விமானமே தொடங்கியது, கொரோனாவில் நின்றது. ஒரு ஊரில் மாறிப் போவதாக இருந்தால் மொத்த தூரம் எப்படி வருகிறது என்று கணக்கிட்டேன் (தோராயமாக):

ஹாங்காங் வழி 6,670 கி.மீ.
பாங்காக் வழி 6,870
கொழும்பு வழி 7,540
டெல்லி வழி 7,670
சிங்கப்பூர் வழி 8,280

நம் ஆட்கள் பழக்கத்தில் தேர்ந்தெடுக்கும் சிங்கப்பூர்தான் இதில் மிகச் சுற்று. பாங்காக் கிட்டத்தட்ட வழியிலேயே இருக்கிறது.

மேகதூரம் எழுதியது:

அருமை டீச்சர். இதோடு காற்றையும் சேர்த்துப் பாருங்கள். பாங்காக்கிலிருந்து டோக்கியோ போக ஆறு மணி நேரத்துக்குள், திரும்ப ஆறே முக்கால் அளவில். வழியின் தென்பாதி ஜெட் ஸ்ட்ரீமுக்கு வெளியே இருப்பதால் எதிர்காற்றின் அடி குறைவு. சென்னை – பாங்காக் மூன்றேகால் மணி நேரம் என்று வைத்தால், திரும்பும்போது வானில் பத்து மணி நேரம். டெல்லி வழியில் ஒன்பதரையோடு சென்னைக்கு இரண்டே முக்கால் மணி நேரம் சேர்ந்து பன்னிரண்டைத் தாண்டும். குளிர்காலத்தில் டெல்லி வழியின் பலவீனம் இதுதான்.

டெல்லிக்குக் குளிர்காலத்தில் இன்னொரு சிக்கல், பனிமூட்டம். டிசம்பர், ஜனவரியில் கடுமை. பிப்ரவரி தொடக்கத்திலும் சில நாள் வரும். இரவு விமானத்தைவிட விடியற்காலை விமானங்கள்தான் அதிகம் அடிபடும்.

கவாசாகி_வாசி எழுதியது:

இவ்வளவு விவரத்தை எதிர்பார்க்கவே இல்லை. அப்பாவுக்கு எல்லாவற்றையும் வாசித்துக் காட்டினேன், திபெத் பற்றி ஐயா எழுதியதை இரண்டு முறை கேட்டார். அம்மாவின் கேள்வி ஒன்று: பிப்ரவரிக்குப் பதில் ஜூனில் வந்தால் திரும்பும் பயணம் குறையுமா? அவருக்கு முட்டிவலி, நீண்ட நேரம் உட்கார முடியாது.

மேகதூரம் எழுதியது:

குறையும் அம்மா. கோடையில் அந்த ஜெட் ஸ்ட்ரீம் இமயமலையைத் தாண்டித் திபெத்துக்கு வடக்கே நகர்ந்துவிடும், வேகமும் தணியும். போக வர வித்தியாசம் சுருங்கும். விமான நிறுவனங்கள் மார்ச் கடைசி ஞாயிறும் அக்டோபர் கடைசி ஞாயிறும் அட்டவணையை மாற்றுவதால் டிக்கெட்டிலேயே அந்த மாற்றம் தெரியும். ஆனால் ஜூன் டோக்கியோவில் மழைக்காலம். ஊர் சுற்ற வருகிறவர்களுக்கு என் ஓட்டு ஏப்ரலுக்கு.

முட்டிவலிக்கு நடைபாதையோர இருக்கை கேட்டு வாங்குங்கள். பெல்ட் விளக்கு அணைந்திருக்கும்போது மணிக்கு ஒரு தடவை எழுந்து நடக்கலாம். உட்கார்ந்திருக்கும்போது பெல்ட்டைக் கழற்றவே வேண்டாம், ஜெட் ஸ்ட்ரீமின் ஓரங்களில் மேகமே இல்லாத வானத்திலும் திடீரென்று விமானம் குலுங்கும்.

சினகாவா_ரயில் எழுதியது:

டிக்கெட் எடுக்கும்போது ஹனேடாவா நரிட்டாவா என்றும் பாருங்கள். ஹனேடா ஊருக்குள்ளேயே, கவாசாகிக்குப் பக்கம். கெய்க்யூ ரயிலில் போய்விடலாம். நரிட்டா சிபா மாவட்டத்தில், டோக்கியோ நடுவிலிருந்து அறுபது கி.மீ.க்கு மேல். அங்கிருந்து கவாசாகி வரப் பெட்டியோடு இரண்டு மணி நேரம் எடுத்துவைக்க வேண்டும். விமானத்தில் மிச்சம் பிடித்த நேரம் ரயிலில் போய்விடும்.

கவாசாகி_வாசி எழுதியது:

முகவரிடம் பேசிவிட்டேன். ஏப்ரல் இரண்டாம் வாரம், பாங்காக் வழி, ஹனேடாவில் இறங்குவது, போக வர ஒரே டிக்கெட், பெட்டி நேராகக் கடைசி ஊர் வரை. பாங்காக்கில் இரண்டு பக்கமும் மூன்று மணி நேர இடைவெளி. அது போதுமா?

ஆர்கேபுரம் எழுதியது:

ஒரே டிக்கெட், பெட்டியும் நேராகப் போகிறது என்றால் தாராளம். அம்மாவுக்குச் சக்கர நாற்காலி உதவி இப்போதே கேட்டு டிக்கெட்டில் பதிந்துவிடுங்கள், பாங்காக்கின் சுவர்ணபூமி விமான நிலையத்தில் நடை அதிகம்.